உடுப்பை எடு பிள்ளை, முழக்கம் வருது!

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை வானொலியில் போகும்போது கடைசி வசனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வடக்கு, கிழக்கு, ஊவா மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் ஆங்காங்கே இடியுடன் மழை பெய்யலாம் என்று சொல்லி முடித்த கையோடு, இடிமழை நேரத்தில் அந்தந்த இடங்களில் காற்று தற்காலிகமாகப் பலமாக வீசக்கூடும், மின்னல் கவனம் என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். வாசிப்பவருக்கு அது வாய்ப்பாடு. கேட்பவரோ அதற்குள் தேத்தண்ணி ஊற்ற எழும்பியிருப்பார். எனக்கு அந்த வசனத்தில்தான் பைத்தியம்! அதற்குப் பின்னால் நடப்பவற்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆவணி வெயிலில் நாம் விசிறிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே பனிக்கட்டிகள் முட்டிமோதும். மேலிருந்து காற்று செங்குத்தாக விழும். கீழே ஏதோ ஒரு வளவில் காவோலைக் குவியல் ஒரு பொறிக்காகக் காத்துக் கிடக்கும்.

கூத்துக் கொட்டகையின் பின்பக்கம் கள்ளமாக எட்டிப் பார்த்த சிறுபிள்ளைச் சந்தோசம்தான் எனக்கு. வாருங்கள், நீங்களும் எட்டிப் பாருங்கள்.

களம் உடுவில். சுன்னாகத்துக்கும் மானிப்பாய்க்கும் இணுவிலுக்கும் நடுவே செம்மண்ணில் விரிந்து கிடக்கும் ஊர். 1824இல் அமெரிக்க மிசன் தொடக்கிய மகளிர் கல்லூரியால் உலகத் தமிழர் பலருக்குப் பெயர் தெரிந்த ஊர். “உடுவிலில் என்ன காட்டுத்தீ? காடே இல்லையே” என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒழுங்கைக்குள் இறங்கி ஒருதரம் நடந்து பாருங்கள். ஒரு வீடு, அடுத்து தோட்டம், அடுத்து பனங்கூடல், அதற்கும் அடுத்து பூட்டின படலையோடு ஒரு வளவு. சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருப்பார். வளவுக்குள் பற்றை ஆளுயரம். கிணற்றுக் கட்டைச் சுற்றிக் காய்ந்த புல். வடலிகள் ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் வழுக்கையாறு, மாரியில் மட்டும் ஆறு, கோடையில் புல்லும் பற்றையும் காய்ந்த நீளப் பள்ளம். குடாநாட்டின் உண்மையான காடு இதுதான் என்பது என் கட்சி: வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் காடு. சுண்டிக்குளம் தேசியப் பூங்காவில் பற்றை எரிந்தால் பறவைகள் பறந்துவிடும். இங்கே எரிந்தால் அடுத்த மதிலுக்குள் ஆள் இருக்கும்.

இனித் திரைக்குப் பின்னால்.

முதலில் விறகு. காட்டுத்தீ ஆய்வாளர்கள் நிலத்தில் கிடப்பதை மொத்தத்தை வைத்துத் தரம்பிரிக்கிறார்கள். ஆறு மில்லிமீற்றருக்கும் மெல்லியது ‘ஒரு மணி’ எரிபொருள்: சுற்றுக் காற்றின் ஈரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இசைந்துவிடும். இரண்டரைச் சென்ரிமீற்றர் வரை ‘பத்து மணி’. ஏழரை வரை ‘நூறு மணி’. அதற்கும் மொத்தமானது ‘ஆயிரம் மணி’. இதை வாசித்த அன்றைக்கு நான் துள்ளாத குறை. இது பனையின் உடம்பு அட்டவணை அல்லவா! காவோலையும் ஈர்க்கும் பன்னாடையும் ஒரு மணி. மட்டை, பத்துக்கும் நூறுக்கும் இடையில். விழுந்து கிடக்கும் குற்றி, ஆயிரம். காலையில் பனியில் நனைந்து தொய்ந்து கிடந்த காவோலை பத்து மணி வெயிலுக்கே சரசரக்கத் தொடங்குவது இதனால்தான். அதே நேரத்தில் குற்றியைத் தொட்டால் உள்ளே இன்னும் போன மாரியின் ஈரம் இருக்கலாம்.

ஒரு காலத்தில் உடுவிலில் காவோலை குவிய வழியே இருக்கவில்லை. விழுந்தது விழாததுமாகப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். வேலி அடைக்க ஓலை, கூரை வேய ஓலை, அடுப்புக்கு மட்டை, ஊமல், பன்னாடை. மிச்சம் மீதியைப் புகையிலைத் தோட்டத்தில் பசளையாகத் தாட்டுவார்கள். இன்று வேலி இருந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில், அடுப்படியில் எரிவாயு. பனைக்கு அது தெரியாது, அது பழையபடி ஓலையைக் கழற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஓலை வெட்டாத பனையில் காய்ந்த ஓலைகள் கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கி, நிலத்துத் தீக்கு வட்டுவரை ஏணி வைத்துக் கொடுக்கின்றன. கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் காட்டை நம்பிப் பிழைத்த பழங்குடியினர் அப்புறப்படுத்தப்பட்ட பின் சருகு குவிந்து தீ பெருத்தது என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அதே கதை எரிவாயு அடுப்பு வழியாக வந்திருக்கிறது.

அடுத்தது கணக்கேடு. 2023 ஆனியில் ரொறன்ரோ மச்சாள் தொலைபேசியில் இருமிக்கொண்டே சொன்னா: “வெளியில வெளிக்கிடாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டினம், ஒரே புகை.” அந்த ஆண்டு கனடாவில் எரிந்த காடு சுமார் 1.5 கோடி ஹெக்டேயர், இரண்டு இலங்கையை விடப் பெரிது. அந்தக் கனடாக்காரர்தான் தீ வானிலைக்கு உலகமே கைக்கொள்ளும் ஒரு கணக்கை உருவாக்கியவர்கள். அதற்கு வேண்டியது நண்பகலில் எடுத்த நான்கே நான்கு எண்கள்: வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், முந்தைய 24 மணி நேர மழை. அவற்றிலிருந்து மூன்று கணக்குகள் ஓடும். மேற்பரப்புச் சருகின் கணக்கு ஒரு நாளைக்குள்ளேயே ஏறி இறங்கும். அதற்குக் கீழே உக்கத் தொடங்கிய படை, இரண்டு கிழமை அளவு தாமதத்தோடு அசையும். அடியாழத்து வரட்சியின் கணக்கோ 52 நாள் தாமதத்தோடு ஊரும் நத்தை.

இந்த நத்தையை உடுவிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்! சித்திரைச் சிறுமாரி ஓய்ந்தபின் குடாநாட்டில் பெரிதாக மழை இல்லை. ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே வைகாசி, ஆனி, ஆடி என்று நத்தை ஒரே திசையில் ஏறிக்கொண்டிருக்கும். இடையில் ஒரு தூறல் விழுந்தால் மேல் கணக்கு இறங்கும், நாமும் “அப்பாடா மழை” என்போம். கீழ்க் கணக்கு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அடுத்த நாள் சோழகம் நாலு மணி நேரம் அடித்தால் மேல் கணக்கும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

சோழகத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்று தெற்கிலும் மலைநாட்டிலும் மழையை இறக்கிவிட்டு நம்மிடம் வெறுங்கையோடு வரும். மட்டக்களப்பில் இதன் தமையன் இன்னும் பொல்லாதவன். மலையின் மறுபக்கம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடேறி வரண்டு கச்சானாக வீசி, கடற்காற்றையும் எதிர்த்துத் தள்ளி வெப்பநிலையை 38 பாகைக்குக் கிட்டக் கொண்டுபோகும். அமெரிக்க வானிலையியல் கழகத்தின் கலைச்சொல் தொகுதியிலேயே கச்சானுக்கு ஓர் இடம் உண்டு என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்லிவைக்கிறேன், பெருமைப்படட்டும்.

மேற்கில் தீயணைப்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பம் 30 பாகைக்கு மேல், ஈரப்பதன் 30 வீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்றால் ஓடு! அந்தக் கணக்கை உடுவிலில் வைத்தால் பரீட்சையில் நாம் தோற்றுவிடுவோம். வெப்பத்துக்குக் குறைவில்லை, காற்றும் பல நாள் தேறும். ஆனால் கடல் சூழ்ந்த குடாநாட்டில் ஈரப்பதன் 30 வீதத்துக்கு இறங்குவதாவது! வேர்வை துடைத்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கலிபோர்னியா போல இங்கே நாட்கணக்கில் தீ ஓடுவதில்லை. நமது தீ வானிலை வேறு சாதி. அது சில நிமிடம்தான் நீடிக்கும். அந்தச் சில நிமிடம் எப்போது வருகிறது என்பதுதான் முழுக் கூத்தின் உச்சக் காட்சி.

அதற்கு முன் ஓர் இடைவேளை, அளப்பவர்களைப் பார்க்க. யாழ்ப்பாணத்து வானிலை அவதான நிலையம் திருநெல்வேலியில் இருக்கிறது, உடுவிலிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். இப்படியான நிலையங்களில் கால் முளைத்து நிற்கும் வெள்ளைச் சாளரப்பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நேரே படாமல், காற்று மட்டும் புகுந்து போக, உள்ளே வெப்பமானிகள். அதை வடிவமைத்தவர் ஸ்கொட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ எழுதிய ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா! பெட்டிக்குள் இரண்டு வெப்பமானி. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இரண்டுக்குமிடையிலான வித்தியாசத்தில் ஈரப்பதன் வெளிப்படும். வெளியே மழைமானி, கம்பத்தில் சுழலும் கிண்ணங்கள். கனடாக் கணக்கு கேட்கும் நான்கு எண்களும் இந்த ஒரு முற்றத்துக்குள் அடக்கம். அப்படியிருந்தும் தினசரி அறிக்கையில் தீ அபாயத்துக்கு ஒரு வரி கிடையாது. உலகக் காட்டுத்தீத் தகவல் முறைமை என்ற கூட்டு முயற்சி பூமி முழுவதற்கும் இந்தச் சுட்டெண்ணைக் கணித்து நிறம் பூசுகிறது, இலங்கையும் அதில் உண்டு. அந்த நிறத்தைத் தமிழில் ஒரு வசனமாக்கிச் சித்திரை முதல் புரட்டாசி வரை சொன்னால் என்ன கெட்டுவிடும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா போன்றோர் மழையையும் புயலையும் நம் மொழியில் விளக்கிப் பழக்கியபின் ஊரே தாழமுக்கம் பற்றிப் பேசுகிறது. தீ வானிலையும் அப்படிப் பேச்சுக்கு வரவேண்டிய பொருள்தான்.

மேலேயிருந்தும் ஆட்கள் பார்க்கிறார்கள். கடலுக்கு அப்பால் காரைக்காலில் சுழலும் இந்திய டொப்ளர் ராடாரின் வட்டத்துக்குள் நமது குடாநாடும் விழும். இடிமுகில் எழும்பினால் அந்தப் படத்தில் சிவப்புப் பொட்டு. மழை வருமோ என்று காரைக்காலைக் கேட்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு, கடவுச்சீட்டுத் தேவையில்லை! இன்னும் மேலே, பகல் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும் ஏறக்குறைய நம் தலைக்கு மேலால் போகும் அமெரிக்கச் செய்மதிகளில் நெருப்புச் சூட்டை உணரும் கருவி இருக்கிறது. 375 மீற்றர் சதுரத்துக்கு ஒரு புள்ளி. பனங்கூடல் ஒன்று அந்த நேரத்தில் மூண்டெரிந்தால் சில மணி நேரத்தில் நாசாவின் வரைபடத்தில் புள்ளியாகிவிடும். பின்னேரம் நாலு மணிக்குப் பற்றி ஐந்துக்கு அணைந்தால் நாசாவுக்கு ஒன்றும் தெரியாது, உடுவிலுக்கு மட்டும் தெரியும்.

இப்போது உச்சக் காட்சி.

ஆவணி கடைசியில் சோழகம் தளரும். அதுவரை அது அமுக்கி வைத்திருந்த மறுபக்கக் கடற்காற்று துணிந்து உள்ளே வரும். இரண்டும் குடாநாட்டுக்கு மேலே எங்காவது சந்தித்தால் முட்டிய காற்றுக்குப் போக இடமில்லை, மேலேதான் போகவேண்டும். சூடேறிய செம்மண் அதைக் கீழிருந்து தள்ளிவிடும். ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் அது உறைநிலையைத் தாண்டும். பாருங்கள், உடுவிலுக்கும் பனிக்கட்டிக்கும் இடையில் மானிப்பாய்க்குப் போய் வரும் தூரம்கூட இல்லை! அங்கே மெல்லிய பனித்துகளும் கனத்த பனிமணியும் உரசி மின்னேற்றம் பிரிகிறது. முகிலின் தலை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரைத் தொடும். கீழே நாம் “என்ன புழுக்கம்” என்கிறோம்.

பிறகு மழை விழத் தொடங்கும், முகிலுக்குள். விழும் துளிகள் அடியில் உள்ள வரண்ட காற்றுக்குள் நுழைந்ததும் ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டும், அதைக் காற்றிடமிருந்தே பிடுங்கும். குளிர்ந்த காற்று கனக்கும். கனத்தது விழும், பொத்தென்று! நிலத்தில் மோதிய காற்று நாலா பக்கமும் சிதறி ஓடும். மழைக்கு முன்னால், சிலவேளை பல கிலோமீற்றர் முன்னால். இதுதான் வீட்டுக்கு வீடு அம்மாமாருக்குத் தெரிந்த அந்தக் கணம். திடீரென்று ஊதல் காற்று, முற்றத்துச் சருகு சுழலும், கதவுகள் அடிபடும், “உடுப்பை எடு பிள்ளை, முழக்கம் வருது!” இது பனம்பழக் காலமும் அல்லவா, பந்தலில் பனாட்டுப் பாய் விரித்தவர் வீட்டில் இரண்டாவது அலறலும் கேட்கும்.

அந்தக் குளிர்காற்று எல்லோருக்கும் சுகம், ஒருவரைத் தவிர. மத்தியானம் குப்பை கூட்டி நெருப்பு வைத்துவிட்டு, “அது தன்பாட்டில் புகையட்டும்” என்று உள்ளே போனவர். அதுவரை காற்று தென்மேற்கு, புகை ஒரு பக்கம், அந்தப் பக்கம் வெறுந்தரை, பயமில்லை. குளிர்காற்று வந்த நிமிடத்தில் திசை மாறிவிடும். தணலுக்கு ஊதுகுழல் வைத்தமாதிரி. பொறி பறந்து மதிலுக்கு மற்றப்பக்கம், பூட்டிக்கிடக்கும் வளவுக்குள், ஆளுயரப் புல்லில். மழை வந்து அணைக்கும் என்று எண்ணலாம். வரலாம். முகில் சங்கானைப் பக்கம் கொட்டிவிட்டு உடுவிலுக்குக் காற்றை மட்டும் அனுப்பும் நாட்களும் உண்டு.

இது வெறும் வளவுக் கதை அல்ல என்பதற்கு ஒரு துயரம் சாட்சி. 2013 யூன் 30, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், யார்னெல் மலை. அருகில் எழும்பிய இடிமுகிலிலிருந்து வெளிப்பட்ட காற்று தீயின் போக்கைத் திருப்பிவிட, பயிற்சி பெற்ற தீயணைப்பு அணியொன்றின் 19 பேர் அகப்பட்டு மாண்டார்கள். தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைச் சூழ்ந்ததும் காய்ந்த புல்லில் காற்றோடு ஓடிய தீதான். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மின்னலுக்கு வருவோம். நாட்டில் மின்னலின் உச்சம் சித்திரையும் ஐப்பசியை ஒட்டிய நாட்களும். ஆவணி, புரட்டாசி ஒத்திகை மட்டும். ஆனால் ஒத்திகையிலும் வெடி உண்மை வெடிதான். மின்னலின் பாதையில் காற்று 30,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும், சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. தனித்து உயர்ந்த பனையின் வட்டில் அது இறங்கினால் காய்ந்த ஓலைகள் பந்தமாக எரியும். தோட்டத்தில் நின்றவர்கள் ஓடி மரத்தடிக்குப் போவதுதான் பெரும் ஆபத்து. 2019 சித்திரையில், பக்கத்துக் குப்பிளானில் தோட்ட வேலைக்குப் போன மூவரின் உயிரை ஒரே மின்னல் குடித்தது. பங்களாதேசத்தில் 2017 அளவில் இலட்சக்கணக்கில் பனங்கொட்டை நட்டார்கள், மின்னலைப் பனை வாங்கிக்கொள்ளட்டும் என்று. எண்ணம் நல்லது. ஆனால் பனை வளர ஒரு தலைமுறை வேண்டும் என்பதை நம்மிடம் கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்போம். வளர்ந்த பனை மின்னலை வாங்கும், உண்மை. அதற்காக அதன் அடியில் நிற்கவா முடியும்?

எரிந்த பனங்கூடலைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று அழவேண்டாம். மாமரத்துக்குப் பட்டையின் உட்புறத்திலேயே உயிர்ப்படை, சுற்றிவரச் சுட்டால் கதை முடிந்தது. பனைக்கு அப்படி இல்லை. நீரும் உணவும் ஓடும் நார்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறம் கரியானாலும் உச்சியில் குருத்துத் தப்பினால் சில மாதத்தில் புது ஓலை விரியும். வடலிகள்தான் பாவம், அவற்றின் குருத்து நிலத்தோடு இருக்கிறது.

இனி உள்வீட்டு இரகசியம்: இவ்வளவு மின்னலும் முழக்கமும் இருந்தும் இலங்கையில் காடெரிய மின்னல் காரணமாவது அரிது. நம் இடிமுகில் பெரும்பாலும் மழையோடு வரும், தான் வைத்த தீயைத் தானே அணைத்துவிடும். கலிபோர்னியாவில் 2020 ஓகஸ்டில் மழையற்ற இடி சில நாளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னல்களை வீசி, ஒரு தீத்தொகுதி மட்டும் பத்து இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. நமக்கு அந்தச் சாட்டு இல்லை. ஊவா மலைகளில் எல்ல, வெல்லவாய, அல்தும்முல்லைப் பக்கம் ஒவ்வொரு வரட்சியிலும் புல்வெளியும் காடும் எரிவதற்கு வேட்டைக்காரர், புதுப்புல் தேடும் மாட்டுக்காரர், அணைக்காத சிகரெட் என்று பட்டியல் முழுக்க மனிதர்தான். மத்திய இந்தியாவில் இலுப்பைப்பூ பொறுக்கச் சருகுக்குத் தீ வைப்பார்கள். உடுவிலில் நெருப்பெட்டி குப்பைக்காக உரசப்படுகிறது. இதே உடுவில், இணுவில்காரர்தான் புகையிலைக் குடிலுக்குள் பொச்சுமட்டையைச் சுவாலை எழும்பவிடாமல் மணிக்கணக்கில் புகையவைத்த கைகாரர். நெருப்பின் பக்கத்தில் ஆள் இருப்பார், அதுதான் வித்தை.

ஆகவே ஆவணி, புரட்டாசியில் பின்னேர முகிலைக் கண்டால் நெருப்பு வைக்காதையுங்கோ. காவோலையை எரிப்பதைவிடத் தென்னையடியில் தாட்டால் ஈரமும் நிற்கும், பசளையும் ஆகும். வெளிநாட்டில் வளவு வைத்திருப்பவர்கள் ஆனிக்குள் ஒருமுறை பற்றை வெட்டக் காசு அனுப்புங்கோ. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் முப்பது எண்ண முடியாவிட்டால் தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் போங்கோ, கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் வெளியில் வராதையுங்கோ. தீ கைமீறினால் தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.